பெங்களூரில் பழைய ஹைபிரிட் கார் வாங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டவும்

பன்னேர்கட்டா வாசன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பன்னேர்கட்டா சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். அலுவலகம் வெளிவட்டச் சாலையில், மாரத்தஹள்ளிக்கு அருகே. மாதம் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கார் ஓடுகிறது. அதில் பெரும்பகுதி நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து போய்வரும் ஓட்டம்தான். பண்டிகை, விசேஷம் என்றால் குடும்பத்தோடு சேலம் போய்வருவோம்.

முதலில் மின்சாரக் கார் வாங்கத்தான் எண்ணினேன். ஆனால் எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் வீட்டுக்கு வீடு சார்ஜர் பொருத்திக்கொள்ள சங்கத்தார் இன்னும் சம்மதிக்கவில்லை. வெளியே போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவது என் வேலை நேரத்துக்கு ஒத்துவராது. அதனால் பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் பக்கம் பார்வை திரும்பியது.

இப்போது இரண்டு வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2022 டிசம்பரில் கே.ஏ. 51 பதிவெண்ணில் பதிவான டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட். ஒரே ஓனர், 55,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, 15 லட்சம் கேட்கிறார். மற்றொன்று அதே வயதும் ஏறத்தாழ அதே ஓட்டமும் உள்ள சாதாரணப் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எஸ்.யூ.வி.; அது 12.5 லட்சத்துக்குக் கிடைக்கும். இந்த 2.5 லட்சம் கூடுதலாகக் கொடுப்பது தகுமா? பேட்டரி கைவிட்டால் என்ன ஆகும்? வாங்கும் முன் எதையெதைச் சோதிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ராஜாஜிநகர் பொறியாளர் எழுதியது:

வாசன் அவர்களே, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் பார்த்த வண்டி ஸ்ட்ராங் ஹைபிரிட்தானா? ஹைரைடர், மாருதியின் கிராண்ட் விட்டாரா இரண்டிலுமே இரு வகை உண்டு. ஒன்று மைல்டு ஹைபிரிட். அதில் இருப்பது சிறு பேட்டரியும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்தது போன்ற ஓர் உறுப்பும்தான். சிக்னலில் இன்ஜினை நிறுத்தி மீண்டும் கிளப்பும், கிளம்பும்போது கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் மின்சாரத்தால் மட்டும் சக்கரத்தை ஓட்டாது. மாருதி 2015இல் சியாஸ் காரில் கொண்டுவந்ததும் இந்த வகைதான். ஆர்.சி.யில் ‘பெட்ரோல்/ஹைபிரிட்’ என்று இருக்கிறது, விளம்பரத்திலும் ஹைபிரிட் என்று போட்டிருக்கிறார்கள் என்பதை வைத்து ஸ்ட்ராங் ஹைபிரிட் விலை கொடுத்துவிடக் கூடாது. மற்ற வகையான ஸ்ட்ராங் ஹைபிரிடில் மோட்டார் மட்டுமே சக்கரத்தை ஓட்டவும் முடியும்; அதில் மின்சாரத்தில் மட்டும் ஓட வைக்கும் ஈ.வி. பொத்தான் இருக்கும், திரையில் பேட்டரிக்கும் சக்கரத்துக்கும் இடையே மின்சாரம் ஓடும் படம் இருக்கும், வண்டியைக் கிளப்பினால் இன்ஜின் சத்தம் எதுவும் இல்லாமல் ‘ரெடி’ என்ற விளக்கு மட்டும் எரியும். கிளட்ச் மிதிக்கும் வண்டி என்றால் அது நிச்சயம் மைல்டு வகை.

ஸ்ட்ராங் ஹைபிரிடின் உட்புறம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். ஹைரைடரில் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் இன்ஜின்; அதோடு 0.76 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள லித்தியம் அயான் பேட்டரி. மின்சாரக் கார்களின் பேட்டரியோடு ஒப்பிட்டால் இது மிகமிகச் சிறியது. இதை வெளியிலிருந்து சார்ஜ் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி அந்த வேகத்தை மின்சாரமாகச் சேமிக்கிறது. கியர்பாக்ஸ் என்று இருப்பது ஒரு பிளானட்டரி கியர் தொகுதி (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் சுழல்வது) மட்டுமே. கிளட்ச் இல்லை, தேய்கிற பெல்ட் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டரும் இல்லை. வழக்கமான ஆட்டோமேட்டிக் வண்டியில் எவையெல்லாம் பழுதாகுமோ, அவற்றில் பல இதில் கிடையவே கிடையாது.

உங்கள் வழித்தடத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இதில் ஏ.சி. கம்ப்ரெசர் மின்சாரத்தில் இயங்குவது. சில்க் போர்டில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது இன்ஜின் அணைந்திருந்தாலும் ஏ.சி. குறையாமல் ஓடும்.

ஜெயநகர் கணக்காளர் எழுதியது:

பணக் கணக்கை நான் போட்டுப் பார்க்கிறேன். ஹைரைடருக்கு நிறுவனம் அறிவித்திருப்பது லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அது சோதனைக்கூடத்து எண்; நம் சாலைக்கு 20 என்று வைத்துக்கொள்வதே நியாயம். இதே நெரிசலில் சாதாரணப் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 11 கொடுத்தால் பெரிது.

மாதம் 1,200 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வண்டிக்கு 109 லிட்டர், ஹைபிரிடுக்கு 60 லிட்டர். மிச்சம் 49 லிட்டர். லிட்டர் 103 ரூபாய் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 5,000 ரூபாய், ஆண்டுக்கு 60,000. ஆக, கூடுதலாகக் கொடுக்கும் 2.5 லட்சம் திரும்பி வர நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும்.

இங்கேதான் பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். நான் அடுத்ததாகப் பார்ப்பது பேட்டரி வாரண்டியை. இந்த வண்டியின் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர், இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. ஓனர் மாறினாலும் அது வண்டியோடு வரும். 2022 டிசம்பர் பதிவு என்றால் 2030 டிசம்பர் வரை. உங்கள் ஓட்டத்துக்கு 1.6 லட்சம் கிலோமீட்டர் அதற்குள் வராது, ஆகவே காலம்தான் எல்லை. கூடுதல் பணம் திரும்பும் நாளும் வாரண்டி முடியும் நாளும் கிட்டத்தட்ட அருகருகே வருகின்றன. மாதம் 1,200 ஓட்டினால் வாரண்டி இருக்கும்போதே பணம் திரும்பிவிடும். அதே வண்டியை மாதம் 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர் வாங்கினால் மாதம் 2,100 ரூபாய்தான் மிச்சம், 2.5 லட்சம் திரும்பப் பத்து ஆண்டு ஆகும்; வாரண்டி முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் அவர் நஷ்டத்திலேயே இருப்பார். பழைய ஹைபிரிடை நான் மதிப்பிடும் முறை இதுதான்: கூடுதல் விலை, மீதமிருக்கும் பேட்டரி வாரண்டிக்குள் திரும்பி வரவேண்டும். வராதென்றால் விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

இந்தக் கணக்கு நகர ஓட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் சாதாரண வண்டி 17, 18 கொடுக்கும். ஹைபிரிட் 21 கொடுக்கும். 1,000 கிலோமீட்டருக்கு 8 முதல் 11 லிட்டர்வரைதான் மிச்சம் வரும். வாரந்தோறும் சேலம் போய்வருபவர் ஹைபிரிடுக்குக் கூடுதல் விலை கொடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அல்சூர் தமிழன் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி வாங்குவதன் முக்கிய நன்மை என்ன? பழுதானால் தெரிந்த மெக்கானிக்கிடம் விடலாம், ஜே.சி. ரோட்டில் உதிரிபாகம் தேடலாம், பாதிச் செலவில் வேலை முடியும். ஹைபிரிடில் அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. ஆரஞ்சு நிறக் கேபிளைக் கண்டாலே பெரும்பாலான வெளி மெக்கானிக்குகள் கையை எடுத்துவிடுகிறார்கள். அதுவும் சரிதான், அந்தக் கேபிளில் ஓடுவது உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம். ஆக, எப்போதும் கம்பெனி சர்வீஸ் சென்டர், எப்போதும் அவர்கள் சொல்லும் விலை.

வாரண்டி என்று எல்லோரும் சொல்வது பேட்டரிக்கு மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், மோட்டாரும் கியரும் அடங்கிய டிரான்ஸ்ஆக்சில் ஆகியவை வண்டியின் பொது வாரண்டியில் வருகின்றன. அது 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர். 2022 டிசம்பர் வண்டிக்கு அது 2025 டிசம்பரோடு தீர்ந்தது. முதல் ஓனர் நீட்டிப்பு வாரண்டி வாங்கியிருந்தால் ஒழிய, இன்வெர்ட்டர் போனால் உங்கள் கையிலிருந்துதான் போகும். என் தம்பி ஒரு பழைய ஹைபிரிட் வாங்கியபோது, ‘எல்லாம் 8 வருஷம் கவர் ஆகும் சார்’ என்று விற்பனையாளர் வாயால் சொன்னார். தாளில் அப்படி எதுவும் இல்லை. கேட்கும் எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ராஜாஜிநகர் பொறியாளர் எழுதியது:

அல்சூர் நண்பர் சொன்ன இரண்டாவது விஷயம் மிக முக்கியமானது, அதற்கு என் நன்றி. பொது வாரண்டியை 5 ஆண்டு அல்லது 2.2 லட்சம் கிலோமீட்டர் வரை நீட்டிக்கும் திட்டம் டொயோட்டாவில் உண்டு. இந்த வண்டிக்கு அது எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் சர்வீஸ் சென்டரிலேயே சொல்லிவிடுவார்கள். எடுத்திருந்தால் 2027 டிசம்பர் வரை கவலை இல்லை. அந்த ஒரு தாளுக்காகவே நான் கணிசமாக அதிகம் கொடுப்பேன்.

முதல் விஷயத்தில் சற்று மாறுபடுகிறேன். வெளி மெக்கானிக் தொடக்கூடாதது உயர் மின்னழுத்தப் பகுதியை மட்டுமே. சஸ்பென்ஷன், டயர், எண்ணெய் மாற்றுவது எல்லாம் மற்ற வண்டிகளைப் போலத்தான். பிரேக் பேடு வழக்கத்தைவிட அதிக காலம் உழைக்கும், ஏனென்றால் வேகத்தைப் பெரும்பாலும் மோட்டாரே குறைத்துவிடுகிறது.

மைதிலி மல்லேஸ்வரம் எழுதியது:

நாங்கள் ஹோண்டா சிட்டி ஹைபிரிட் வைத்திருக்கிறோம், அதனால் அந்தப் பக்கத்து அனுபவத்தைப் பகிர்கிறேன். 2022 மே மாதம் அறிமுகமான வண்டி. நிறுவனம் சொன்ன மைலேஜ் 26.5. டொயோட்டாவின் முறையும் இதுவும் ஒன்றல்ல. நகரத்தில் இதன் இன்ஜின் பெரும்பாலும் மின்சாரம் தயாரிக்க மட்டுமே ஓடுகிறது, சக்கரத்தை ஓட்டுவது மோட்டார். நெடுஞ்சாலை வேகம் வந்தபிறகு ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு இன்ஜினே நேரடியாக ஓட்டும். நெரிசலில் அத்தனை மென்மையான வண்டியை நான் ஓட்டியதில்லை.

வாசன் அண்ணா, குடும்பத்தோடு ஊருக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் டிக்கியைத் திறந்து உங்கள் பெட்டிகளை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சாதாரண சிட்டியில் 506 லிட்டர் இருக்கும் டிக்கி, ஹைபிரிடில் பேட்டரி உட்கார்ந்துகொண்டதால் 306 லிட்டராகச் சுருங்கிவிட்டது. தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது அம்மா கட்டிக்கொடுக்கும் அரிசி மூட்டையும் இரண்டு பெட்டியும் சேர்ந்து வைக்க முடிவதில்லை. ஹைரைடர் ஹைபிரிடிலும் டிக்கியின் தளம் உயர்ந்துதான் இருக்கிறது.

மலைச்சாலையில் ஒரு விஷயம் பலரைப் பயமுறுத்துகிறது. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி இறங்கும்போது பேட்டரி சீக்கிரமே நிறைந்துவிடும். அதற்குமேல் மின்சாரத்தை வைக்க இடமில்லாததால் இன்ஜின் திடீரென்று உரக்க முழங்கி, தானே வேகத்தைக் கட்டுப்படுத்தும். அது கோளாறு இல்லை. என் கணவர் முதல்முறை வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, சர்வீஸ் சென்டருக்குத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்.

சர்ஜாபுரா சாலை எழுதியது:

வெள்ளத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. பெங்களூரில் பழைய கார் வாங்கும் எவரும் இதை முதல் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டும். ஹைபிரிட் என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர், சர்ஜாபுரா சாலைப் பகுதிகளும் மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். வாசன் பார்க்கும் வண்டி அதற்குப் பிறகு பதிவானது என்று நிம்மதியடைய வேண்டாம். 2024 அக்டோபரில் எலஹங்காவில் கேந்திரிய விஹார் குடியிருப்பின் தரைத்தளம் தண்ணீரில் நின்றது. 2025 மே மாதத்தில் ஹொரமாவு பக்கம் சாய் லேஅவுட் மூழ்கியது. அடித்தளத்தில் நின்ற கார்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஹைபிரிட் பேட்டரி வண்டியின் பின்பகுதியில் தாழ்வாக இருக்கிறது. தண்ணீர் இருக்கை மட்டத்துக்கு வந்திருந்தால் அது நனைந்திருக்கும். இன்ஜினைச் சுத்தம் செய்து, இருக்கை உறையை மாற்றி, வாசனை அடித்து விற்றுவிடலாம். ஆனால் சில இடங்களைக் கழுவ யாருக்கும் தோன்றாது. முன்னிருக்கை சீட் பெல்ட்டைக் கடைசி வரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில் கடைசி ஓர் அடி நாடாவில் பழுப்பு நிறக் கோடு ஒன்று படிந்திருக்கும், விரலால் தடவினால் நெறுநெறுவென்று இருக்கும். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி அதன் தண்டவாள ஆணிகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிக்கியின் கம்பளத்தைத் தூக்கி, உலோக மடிப்புகளில் வண்டல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

சர்வீஸ் சென்டர் பதிவிலும் காப்பீட்டுக் கோரிக்கையின் பதிவிலும் தண்ணீர் சேதம் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது அடுத்த வேலை. பேட்டரி வாரண்டிக்கு நீரில் மூழ்கிய சேதம் பொதுவாகப் பொருந்தாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கோவைக்காரன் எழுதியது:

இடையில் என் கேள்வி ஒன்று. கோவையில் ஒருவர் 2014ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரி ஹைபிரிடை மலிவாகத் தருகிறேன் என்கிறார். நான் இருப்பது ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில். அவ்வளவு பெரிய, சொகுசான வண்டி இந்த விலைக்கு வேறு எங்கும் கிடைக்காது. வாங்கலாமா?

ஜெயநகர் கணக்காளர் எழுதியது:

வேண்டாம் என்பதே என் கருத்து. காரணம் வண்டியின் தரமல்ல. கேம்ரி ஹைபிரிட் 2013 முதல் பெங்களூரை அடுத்த பிடதியிலுள்ள டொயோட்டா ஆலையில்தான் பாகங்களைப் பொருத்தித் தயாரிக்கப்பட்டது. உழைக்கும் வண்டி என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆனால் 2014 வண்டிக்குப் பேட்டரி வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. நான் முன்பு சொன்ன அளவுகோல்படி, மீதமிருக்கும் வாரண்டி பூஜ்யம். ஆகவே ஹைபிரிட் என்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கக் கூடாது. அத்தோடு புதுப் பேட்டரிக்கு ஆகும் செலவைச் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்கி, அதை விலையிலிருந்து கழித்துப் பேச வேண்டும். விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்.

அடுத்தது வரி. தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். அப்போது வண்டியின் வயதுக்கேற்பக் கர்நாடக வாழ்நாள் வரி கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெற என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), விண்ணப்பம் என்று தனி அலைச்சல். கர்நாடகத்தில் 10 லட்சம் முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு 17 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம், மேலும் செஸ் என்னும் கூடுதல் வரி. வாசன் பார்க்கும் கே.ஏ. பதிவு வண்டியின் பெரிய நன்மையே இதுதான். ஷோரூம் விலை 18 லட்சம் என்றாலும் முதல் ஓனர் 3 லட்சத்துக்கு மேல் வரியாகக் கட்டியிருப்பார். அது இப்போது உங்களுக்கு வண்டியோடு சேர்ந்து வருகிறது.

பன்னேர்கட்டா வாசன் எழுதியது:

அனைவரின் பதில்களையும் கையில் எழுதிக்கொண்டு போய் வண்டியைப் பார்த்துவந்தேன். விற்பவர் நல்ல மனிதர். கட்டணம் நான் கட்டினால் சர்வீஸ் சென்டர் சோதனைக்குத் தடையில்லை என்றார். கண்டவற்றை எழுதுகிறேன், இதை வைத்து என்ன முடிவுக்கு வரலாம் என்று சொல்லுங்கள்.

ஸ்ட்ராங் ஹைபிரிட்தான், ஐயமில்லை. கிளப்பியதும் சத்தமில்லாமல் ‘ரெடி’ வந்தது. சீட் பெல்ட், இருக்கைத் தண்டவாளம், டிக்கி எல்லாம் சுத்தமாக இருந்தன. சர்வீஸ் பதிவேட்டில் ஒரு சர்வீஸும் விடுபடவில்லை. நீட்டிப்பு வாரண்டி எடுக்கப்பட்டிருக்கிறது. 2027 டிசம்பர் வரை செல்லும்.

கவலை தந்தவை மூன்று. பின் இருக்கையை ஒட்டியுள்ள பேட்டரியின் காற்றுத்துளையைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே இருந்த வடிகட்டி முழுக்கச் சாம்பல் நிறத் தூசு கம்பளம் போலப் படர்ந்து, அதில் வெள்ளை முடிகள் சிக்கியிருந்தன. அவர்கள் வீட்டில் நாய் வளர்க்கிறார்களாம். இரண்டாவது, 12 வோல்ட் பேட்டரி பலவீனமாக இருப்பதாகச் சோதனையில் வந்தது. மூன்றாவது, பின்பக்க வலது மூலையில் மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள். பின் பம்பர் மாற்றியதாகப் பதிவு இருக்கிறது. ஹைபிரிட் பேட்டரிச் சோதனை அறிக்கையில் எல்லாத் தொகுதிகளின் மின்னழுத்தமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதாகவும், பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ராஜாஜிநகர் பொறியாளர் எழுதியது:

நல்ல அறிக்கை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தொகுதிகளின் மின்னழுத்தம் ஒன்றாக இருப்பதுதான் இந்தச் சோதனையின் உயிர்நாடி. பேட்டரி பலவீனமாகும்போது எல்லாத் தொகுதிகளும் சேர்ந்து இறங்குவதில்லை; ஒன்றிரண்டு மட்டும் பின்தங்கி, மற்றவற்றிலிருந்து விலகிப்போகும். ஓடும் வண்டியில் அது தெரியும் விதம் வேறு: திரையில் பேட்டரி அளவு மளமளவென்று ஏறி மளமளவென்று இறங்கும், நின்றிருக்கும்போதும் இன்ஜின் அடிக்கடி கிளம்பும், பின்னிருக்கைப் பக்கம் விசிறி இரையும். இவற்றில் ஏதாவது கண்ணில் பட்டதா என்று நினைத்துப் பாருங்கள். முடிந்தால் இன்னொரு முறை, நல்ல வெயில் நேரத்தில், நெரிசலில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள்.

வடிகட்டி அடைத்திருந்தது சிறிய செலவு, ஆனால் அலட்சியப்படுத்தக் கூடாத செய்தி. இந்த பேட்டரியைக் குளிர்விப்பது உள்ளறையின் காற்றுதான். துளை அடைத்தால் பேட்டரி சூட்டிலேயே வேலை செய்யும். சூடுதான் லித்தியம் பேட்டரியின் ஆயுளைத் தின்பது. சென்னையிலோ டெல்லியிலோ ஓடிய வண்டியில் இப்படி அடைத்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். பெங்களூரின் மிதமான வெப்பத்தில் ஓடியதும், தொகுதிகள் சீராக இருப்பதும் சேர்ந்து எனக்கு நம்பிக்கை தருகின்றன. வடிகட்டியைச் சுத்தம் செய்தோ மாற்றியோ தரச் சொல்லுங்கள். இனி அந்தத் துளையின் மேல் பையையோ துணியையோ வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

12 வோல்ட் பேட்டரியின் வயதுக்கு இது இயல்பு. ஆனால் உடனே மாற்றுங்கள். ஹைபிரிடில் அது இன்ஜினைச் சுற்றுவதில்லை. கணினிகளை எழுப்புவது அதன் வேலை. அது செத்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் ‘ரெடி’ வராது, வண்டி நகராது. ஹைபிரிட் பேட்டரியே போய்விட்டது என்று பதறி வருபவர்களில் பலருடைய வண்டிக்குத் தேவைப்படுவது இந்தச் சிறு பேட்டரிதான்.

பின்பக்க மோதல்தான் எனக்கு உறுத்துகிறது. பம்பர் மாற்றியது மட்டும் என்றால் கவலை இல்லை. இந்த ஊர் நெரிசலில் பின்னால் இடி வாங்காத வண்டி குறைவு. ஆனால் பேட்டரி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. டிக்கியின் தளத்தகட்டில் புதிய வெல்டிங், சுருக்கம், அடர்த்தியாகப் பூசிய சீலன்ட் இவற்றில் ஏதாவது இருந்தால் வாங்காதீர்கள். காப்பீட்டுக் கோரிக்கையின் தொகை என்ன என்று கேளுங்கள். தொகை சிறிதென்றால் மோதலும் சிறிதுதான்.

பன்னேர்கட்டா வாசன் எழுதியது:

தளத்தகட்டைச் சர்வீஸ் சென்டர்க்காரரே லிப்டில் ஏற்றிக் காட்டினார். வெல்டிங் எதுவும் இல்லை, தொழிற்சாலைச் சீலன்ட் அப்படியே இருக்கிறது. கோரிக்கைத் தாளில் பம்பர், ஒரு விளக்கு, பெயின்ட் மட்டுமே இருந்தன. நண்பகலில் மீண்டும் ஓட்டிப் பார்த்தேன். வெயிலில் நின்ற வண்டி என்பதால் முதலில் விசிறிச் சத்தம் லேசாகக் கேட்டது, உள்ளே குளிர்ந்ததும் நின்றுவிட்டது. பேட்டரி அளவு சீராகவே ஏறி இறங்கியது.

இந்த அறிக்கையைக் காட்டி விலை பேசினேன். வடிகட்டியையும் 12 வோல்ட் பேட்டரியையும் அவரே மாற்றித் தந்து, 14.4 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாம் என்கிறார். கணக்காளர் ஐயா, உங்கள் அளவுகோலில் இது தேறுமா? ஆவண வேலையில் நான் கவனிக்க வேண்டியது என்ன?

ஜெயநகர் கணக்காளர் எழுதியது:

தேறுகிறது. விலை வித்தியாசம் இப்போது 1.9 லட்சம். உங்கள் ஓட்டத்துக்கு மூன்று ஆண்டும் சில மாதங்களும் போதும். வாரண்டி அதற்குப் பிறகும் மிஞ்சும். திரும்ப விற்கும்போது ஹைபிரிட் என்பதற்கு ஓரளவு கூடுதல் விலை கிடைக்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. வாங்குங்கள்.

ஆவணங்களில், முதலில் அரசின் வாகன் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டுக் கடன் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும், கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35ம் வேண்டும். போக்குவரத்து அபராதங்கள் பாக்கி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கர்நாடக அரசு 2023இலும் 2025இலும் பாதித் தள்ளுபடி கொடுத்தும் கட்டாமல் விட்ட வண்டிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. பாக்கியை விற்பவரே கட்டி ரசீது தரட்டும். தனிநபரிடம் நேரடியாக வாங்குவதால் ஜி.எஸ்.டி. எதுவும் இல்லை.

காப்பீட்டில் பலர் கோட்டை விடுகிறார்கள். விற்பவருடைய நோ கிளெய்ம் போனஸ் (கோரிக்கை வைக்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது; அது அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட நேரும். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்கு அவர்கள் பணம் தர மறுக்கலாம். புதுப்பிக்கும்போது தண்ணீர் புகுந்த இன்ஜின் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பையும், அதில் ஹைபிரிட் பேட்டரி அடங்குமா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நீட்டிப்பு வாரண்டியை உங்கள் பெயருக்கு மாற்றும் தாளைச் சர்வீஸ் சென்டரில் அன்றே கொடுத்துவிடுங்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்திட்டு, இரண்டு சாவிகளும் உங்கள் கைக்கு வந்தபிறகு மீதித் தொகையை வங்கி வழியாக அனுப்புங்கள்.